நன்னீர் மீன் ஆராய்ச்சியில் சேருமுன் கேட்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உயிரியல் பட்டம் முடித்த பிள்ளை, மீன் ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்று வீட்டில் சொன்னால் பெற்றோருக்குக் கடல் நினைவுக்கு வரும். இல்லாவிட்டால் மீன் பண்ணை. ஓடையும் நீர்த்தேக்கமும் கால்வாயும் யாருக்கும் தோன்றுவதில்லை. ஆனால் சிங்கப்பூர்த் தீவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு மழைநீரைப் பிடித்து 17 நீர்த்தேக்கங்களுக்கு அனுப்புகிறது. அந்த நீரில் எந்த மீன் மிஞ்சியிருக்கிறது, எது குறைகிறது, எது புதிதாக வந்து குடியேறியது என்பதையெல்லாம் கண்டறியும் வேலையில் பெரும்பகுதி முதுநிலை, முனைவர் பட்ட மாணவர்கள் கையில்தான் நடக்கிறது. அதில் சேர நினைக்கும் இளையர்கள் மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே எதையெல்லாம் கேட்டுத் தெளிய வேண்டும் என்பதைச் சொல்லவே இக்கடிதம். சேர்ந்தபின் கேட்டால் ஓராண்டு வீணாகிவிடும்.

முதலில், இடம் எங்கே என்பது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் உயிரியல் துறையும் அதன் வளாகத்திலேயே 2015இல் திறக்கப்பட்ட லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகமும் இத்துறையின் மையம். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆசியச் சுற்றுச்சூழல் பள்ளியையும் பார்க்கலாம். இத்தகைய இடங்கள் விளம்பரத்தில் வருவது குறைவு. ஒரு மேற்பார்வையாளருக்கு ஆய்வு நிதி கிடைத்ததும், அவருக்கு ஏற்கெனவே மின்னஞ்சல் அனுப்பியிருப்பவர்களைத்தான் முதலில் கூப்பிடுவார். வெளிநாட்டு மாணவர்களுக்கு முனைவர் பட்டத்திற்கென ‘சிங்கா’ உதவித்தொகை இருக்கிறது. தூத்துக்குடியிலோ பொன்னேரியிலோ மீன்வளம் படித்துவிட்டு இங்கே வர நினைப்பவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் படிப்பில் மீன் வளர்ப்புக்கு இருக்கும் இடம் சூழலியலுக்கு இருக்காது. புள்ளியியலும் ‘ஆர்’ மென்பொருளும் கொஞ்சம் கற்றுக்கொண்டு விண்ணப்பித்தால் அந்தக் குறை அடிபட்டுப்போகும்.

தலைப்புக்குப் பஞ்சமே இல்லை. மெக்ரிச்சி நீர்த்தேக்கம் 1868ஆம் ஆண்டைச் சேர்ந்தது, கிராஞ்சி 1975, பொங்கோலும் சிராங்கூனும் 2011. மரினா அணைக்கட்டு 2008இல் திறக்கப்பட்ட பின்தான் அங்கிருந்த கழிமுக நீர் நன்னீரானது. வெவ்வேறு வயதுள்ள நீர்நிலைகள் இத்தனை கிட்டத்தில் வேறெங்கே கிடைக்கும்? பீஷான்–அங் மோ கியோ பூங்காவில் 2.7 கிலோமீட்டர் நேரான கான்கிரீட் கால்வாயை உடைத்து 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக 2012இல் மாற்றினார்கள். அங்கே மீன் வகைகள் எப்படி மாறுகின்றன என்று தொடர்ந்து அளப்பதே ஒரு பட்டத்துக்குப் போதும். இன்னொரு பக்கம், தீவில் மிஞ்சியுள்ள ஒரே பெரிய நன்னீர்ச் சதுப்புக் காடான நீ சூன். நிழலும் அமிலத் தன்மையும் கொண்ட அந்தத் தேநீர் நிற ஓடைகளில்தான் நம் சொந்த மீன்கள் பல ஒதுங்கி வாழ்கின்றன. நீர்த்தேக்கங்களிலோ பீகாக் பாஸ், தென் அமெரிக்கச் சிக்லிட் வகைகள், திலாப்பியா என்று வந்தேறிகளின் கூட்டம். மேல் சிலேத்தார் நீர்த்தேக்கத்தில் தென் அமெரிக்க நன்னீர்த் திருக்கை ஒன்றுகூட இனம்பெருக்கி வாழ்கிறது. அதன் வாலில் நச்சு முள் இருக்கிறது; கரையோரம் இறங்குகிறவர் காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நடப்பது நல்லது.

இனி, கேட்க வேண்டிய முதல் கேள்வி: அனுமதி வாங்கியாகிவிட்டதா? இயற்கை வனப்பகுதியிலும் பூங்காக்களிலும் மீன் பிடிக்கத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். நீர்த்தேக்கம், கால்வாய் என்றால் பொதுப் பயனீட்டுக் கழகத்தையும் கேட்க வேண்டும். மீன் முதுகெலும்புள்ள உயிர் என்பதால் பல்கலைக்கழகத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு முன் மாணவர் பயிற்சி வகுப்பு முடித்திருக்க வேண்டும். மூன்றும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும், மாதங்கள் ஓடிவிடும். ஆகஸ்டில் சேர்ந்து அதன்பிறகு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தால், டிசம்பர், ஜனவரியின் வடகிழக்குப் பருவமழை கையைவிட்டுப் போய்விடும். இரண்டு ஆண்டு முதுநிலையில் இருப்பதே இரண்டு மழைக்காலம்தான். ஒன்றைத் தவறவிட்டவர், மழைக்கு முன்னும் பின்னும் என்ற ஒப்பீட்டை ஒரே ஆண்டின் தரவை வைத்துச் சொல்லத் தலைப்படுவார். தேர்வாளர் அதை ஏற்கமாட்டார். ஆகவே மேற்பார்வையாளரின் பெயரில் நடப்பு அனுமதி இருக்கிறதா, அதில் மாணவர் பெயரைச் சேர்த்தால் போதுமா, அந்த அனுமதி எந்தக் கருவிகளைப் பெயர் சொல்லி ஏற்கிறது என்று கேட்டுவிடுவது நல்லது. கைவலைக்கு வாங்கிய அனுமதியோடு, நீந்தி வரும் மீன் செவுளில் மாட்டிக்கொள்ளும்படி நீரில் நிறுத்தும் செவுள் வலை போடப் போகக்கூடாது.

அடுத்தது கருவி. ஒவ்வொரு கருவியும் தனக்கு ஏற்ற மீனைத்தான் காட்டும் என்பதைப் புதியவர்கள் தாமதமாகவே உணர்கிறார்கள். காட்டோடையின் கரையோர வேர்களுக்கும் சருகுகளுக்கும் அடியில் கைவலையைச் செலுத்திக் காலால் கலக்கினால் அயிரை போன்ற தரைமீன்களும் சிறு பெட்டாக்களும் வரும்; நடுநீரில் விரைந்தோடும் ரஸ்போரா தப்பிவிடும். நீர்த்தேக்கத்தில் வீச்சு வலை மணல் கரையில் நன்றாக விரியும்; கட்டை, பாசி இருக்கும் இடத்தில் சிக்கிக் கிழியும். அதனால் பாசிக்குள் வாழும் மீன் அங்கே இல்லை என்று தரவு பொய் சொல்லும். பல கண்ணளவுகள் கொண்ட செவுள் வலைக்கு ஐரோப்பாவில் ஒரு தரமுறை உண்டு. 30 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் உயரம், 5 முதல் 55 மில்லிமீட்டர் வரை 12 கண்ணளவுகள். அங்கே மாலையில் போட்டு மறுநாள் காலையில் எடுப்பார்கள். அதை அப்படியே இங்கே பின்பற்றக் கூடாது. நம் நீரின் வெப்பத்தில் சிக்கிய மீன் விடிவதற்குள் அழுகத் தொடங்கும்; ஆமையும் நீர்நாயும் உடும்பும் சிக்கிக்கொண்டால் மூச்சுத் திணறிச் சாகும். ஆள் பக்கத்திலேயே நின்று குறுகிய நேரத்துக்கு ஒருமுறை வலையைத் தூக்கிப் பார்க்கும் ஏற்பாடு இருந்தால் மட்டுமே போட வேண்டும். இரையிட்ட கூடுகளுக்கும் இது பொருந்தும். விரால், தோமான், குராமி, பனையேறி ஆகியவை மேலே வந்து காற்றைக் குடிக்கும் மீன்கள். கூடு முழுவதும் மூழ்கினால் நீருக்குள்ளேயே மூச்சடைத்து இறந்துவிடும். கூட்டின் மேல்பகுதி நீருக்கு மேலே ஒரு சாண் நிற்கும்படி கட்டுவதும், திடீர் மழையில் நீர் ஏறினாலும் மிதக்கும்படி உள்ளே ஒரு காலிப் புட்டி வைப்பதும் அதிகச் செலவில்லாத தீர்வு.

மின்சார மீன்பிடிப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மாணவர்கள் அதிகம் ஆசைப்படுவதும் அதிகம் ஏமாறுவதும் அதில்தான். முதுகில் சுமக்கும் பெட்டியிலிருந்து துடிப்பு நேர்மின்சாரம் நீருக்குள் செல்ல, மீன் நேர்முனையை நோக்கி இழுக்கப்பட்டு மயங்கும். நீரின் மின்கடத்துதிறன்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. காட்டோடையின் மென்னீரில் அது மிகக் குறைவு என்பதால் மின்னழுத்தத்தை மிக உயர்த்தினாலும் விளைவு முனையைச் சுற்றிச் சில அடிகளோடு நின்றுவிடும். கடலுக்குப் பக்கத்துக் கால்வாயில் உப்பு ஏறினால் மின்கலம் சட்டென்று தீரும், மீனோ மயங்காது. ஆகவே கருவியை முடுக்குமுன் கடத்துதிறனை அளந்து எழுதிவைப்பது முதல் வேலை. துடிப்பு எண்ணிக்கையைக் குறைவாக, 30 ஹெர்ட்ஸ் அளவில் வைத்தால் முதுகெலும்பு முறிவது குறையும். ஒரே மின்புலத்தில் சிறிய மீனைவிடப் பெரிய மீனுக்கே அதிகம் தாக்கும். தரையில் ஒட்டி வாழும் உளுவை மீன் மயங்கினாலும் மிதந்து வராமல் கல்லிடுக்கிலேயே கிடக்கும். அதனால் இந்தக் கருவியும் நடுநிலையானதல்ல. நீர் இடுப்புக்கு மேல் போனால் பயனும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. குறைந்தது மூன்று பேர், ரப்பர் கையுறை, கசியாத காலுறை, கையை எடுத்தால் நின்றுபோகும் விசை. இதில் ஏதாவது ஒன்று இல்லை என்றால் அன்றைக்கு வேலையில்லை. மழைத் தூறல் விழுந்தாலும் அப்படித்தான்.

இந்தக் கருவியைக் கொண்டு மீன் எண்ணிக்கையைக் கணிக்கும் முறை எளிதாகத் தெரியும். ஓடையின் ஒரு பகுதியை மேலும் கீழும் சிறுகண் வலையால் அடைத்து, ஒரே அளவு முயற்சியுடன் இரண்டு முறையோ மூன்று முறையோ பிடித்து, பிடித்தவற்றை வாளியில் ஒதுக்கி வைப்பார்கள். முதல் முறை 50, இரண்டாம் முறை 20 என்றால், முதல் எண்ணின் வர்க்கத்தை இரண்டின் வித்தியாசத்தால் வகுக்கக் கிடைப்பது 2500 ÷ 30, அதாவது சுமார் 83 மீன். நல்ல கணக்கு. ஆனால் முதல் முறை 30, இரண்டாம் முறை 28 என்று வந்தால் அதே சூத்திரம் 450 என்று சொல்லும். இரண்டாவது கூடுதலாக வந்தால் எதிர்மறை எண்ணே வரும். இப்படி வருவதற்குப் பெரும்பாலும் மீன் காரணமல்ல. அடைப்பு வலையின் அடிக்கயிறு கற்களில் படியாமல் மீன் உள்ளே வந்துகொண்டிருக்கும், அல்லது முதல் முறை கலக்கிய சேறு அடங்குமுன்பே இரண்டாம் முறை தொடங்கியிருப்பார்கள், அல்லது சோர்வில் இரண்டாம் முறையை வேகமாக முடித்திருப்பார்கள். அடிக்கயிற்றில் கற்களை வரிசையாக ஏற்றி, நீர் தெளியும்வரை காத்திருந்து, ஒவ்வொரு முறையும் கருவி இயங்கிய விநாடிகளைப் பெட்டியின் கணக்கியிலிருந்து எழுதிக்கொள்ள வேண்டும்.

இதைவிட முக்கியமானது ஒன்று. பிடிபடாத நாளையும் எழுத வேண்டும். எத்தனை வலை, எத்தனை மணி நேரம், எத்தனை ஆள் என்ற முயற்சியின் அளவு இல்லாத தரவு வெறும் பட்டியல். ஓர் இடத்தில் ஓர் இனம் உண்மையிலேயே இருந்தும், ஒரு முறை போனால் கண்ணில்படும் வாய்ப்பு 30 விழுக்காடுதான் என்று வைத்துக்கொள்வோம். மூன்று முறை போயும் காணாமல் திரும்பும் வாய்ப்பு 34 விழுக்காடு. எட்டு முறை போனால்தான் அது 6 விழுக்காட்டுக்குக் குறையும். அரிய மீன் ஒன்று மறைந்துவிட்டது என்று மூன்று பயணத்தை வைத்து எழுதும் ஆய்வேட்டில், அந்த மீன் அங்கேயே இருந்தும் கண்ணில்படாமல் போயிருக்க மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஆகவே பத்து இடங்களுக்கு ஒரு முறை போவதா, மூன்று இடங்களுக்குப் பல முறை போவதா என்பதை முதல் மாதமே முடிவு செய்ய வேண்டும். ஒரே நீர்த்தேக்கத்தில் போட்ட ஐந்து வலைகளை ஐந்து நீர்த்தேக்கங்களாகக் கணக்கிடும் பிழையும் இங்கே அடிக்கடி நடப்பது. நீர்த்தேக்கங்களை ஒப்பிடுவதுதான் தலைப்பு என்றால், நாட்டிலேயே உச்ச எண்ணிக்கை 17தான்.

நீரை வடிகட்டி அதிலுள்ள மரபணுத் துகள்களைக் கொண்டு மீனை அறியும் முறை வந்தபின், இனி வலையே வேண்டாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அதுவும் நல்ல ஆராய்ச்சி வாய்ப்புத்தான், ஆனால் அதற்கும் சிக்கல் உண்டு. சதுப்புக் காட்டு நீரின் பழுப்பு நிறத்தைத் தரும் கரிமச் சேர்மங்கள் மரபணுப் பெருக்க வினையைத் தடுக்கும். நீர்த்துப் பார்த்தும் தடுப்பு நீக்கும் கரைசல் சேர்த்தும் சோதிக்காவிட்டால், மீன் இல்லை என்ற முடிவு வரும். ஓடைக்கு மேலே எங்கோ கழுவிவிட்ட மீனின் துகள்கூடக் கீழே காட்டும். களத்திலேயே தூய நீரை வடிகட்டி ஒரு வெறுமை மாதிரி எடுக்காதவர், தன் கையுறையில் இருந்ததையும் ஓடையில் இருந்ததையும் பிரித்தறிய முடியாது. எத்தனை மீன், எவ்வளவு நீளம், முட்டை இருக்கிறதா என்பதற்கு இந்த முறையில் பதிலே இல்லை.

பிடித்த மீனைக் கையாளும் முறையிலும் ஒரு ஆய்வகத்தின் தரம் தெரிந்துவிடும். வாளியில் அந்த ஓடையின் நீரையே நிரப்ப வேண்டும். நம் குழாய்நீரில் குளோரமின் இருப்பதால், ஒரு நாள் திறந்து வைத்தாலும் அது போகாது. தயோசல்ஃபேட்டு சேர்த்தால்தான் முறியும். 28 பாகை நீரில் முழுமையாகக் கரைந்தாலும் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குள்தான் ஆக்சிஜன் நிற்கும். ஆகவே மின்கலக் காற்றூட்டி, நிழல், அடிக்கடி நீர் மாற்றுதல் மூன்றும் வேண்டும். விராலைத் தனி வாளியில் போடுங்கள், இல்லாவிட்டால் அளக்குமுன் தரவைத் தின்றுவிடும். அளக்கும்போது மூக்கு நுனியிலிருந்து வால்துடுப்பின் அடிவரை உள்ள நீளத்தை எடுப்பதே வழக்கம். வால்நுனி அடிக்கடி கிழிந்திருக்கும். மயக்கத்துக்கு எம்.எஸ். 222 பயன்படுத்தினால் லிட்டருக்கு 100 மில்லிகிராம் அளவு போதும், ஆனால் அது அமிலம். அமிலத்தைச் சமன்செய்யும் தாங்குதிறன் இல்லாத காட்டோடை நீரில் போட்டவுடன் அமிலத்தன்மை எகிறும். சம எடையோ அதற்கு இருமடங்கோ சமையல் சோடா கலந்து, முன்பிருந்த அளவுக்கு வந்ததா என்று அமிலத்தன்மை மானியால் பார்த்தபின்தான் மீனை விட வேண்டும். தூண்டில்காரர்கள் பிடித்துச் சாப்பிடக்கூடிய இடம் என்றால் இந்த மருந்தே சரியா என்பதையும் யோசிக்க வேண்டும். அமெரிக்க விதிப்படி, இதில் மயக்கிய மீனை 21 நாளுக்குள் உண்ணக் கூடாது. வந்தேறி மீன்களைத் திரும்ப விடுவதா என்பதை அனுமதிக் கடிதமே சொல்லும். களத்தில் நின்று மாணவர் எடுக்கும் முடிவல்ல அது.

அரும்பொருளகத்தில் சேர்க்கும் மாதிரிக்கு வரிசை முக்கியம். முதலில் இடப்பக்கத்தைப் புகைப்படம் எடுப்பது, பிறகு வலப்பக்கத்துத் துடுப்பையோ தசைத் துணுக்கையோ வெட்டி 95 விழுக்காட்டுக்கு மேற்பட்ட எத்தனாலில் போடுவது, அதன்பிறகே முழு மீனையும் ஃபார்மலினில் இறக்குவது. தலைகீழாகச் செய்தால் மரபணு சிதைந்துவிடும். கடையில் வரும் ஃபார்மலின் கரைசல் ஒரு பங்குக்கு நீர் ஒன்பது பங்கு. பெரிய மீனாக இருந்தால் வலப்பக்க வயிற்றைக் கீறிவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே அழுகும். சில நாள் கழித்து நீரில் நன்றாகக் கழுவி 70 விழுக்காடு எத்தனாலுக்கு மாற்றுவார்கள். வயதைக் கணிக்கக் காதுக்கல் (மீனின் உள்காதில் இருக்கும் சிறு கல்) தேவைப்படும் மீனை ஃபார்மலினில் போடவே கூடாது, கல் கரையும். பெயர்ச்சீட்டைப் பென்சிலால் எழுதி புட்டிக்குள்ளே போடுவது பழைய வழக்கம். பேனா மையை எத்தனால் அழித்துவிடும் என்பதால் இன்றும் அதுவே சரி.

பாதுகாப்பைச் சுருக்கமாகச் சொல்கிறோம். மின்னல் எச்சரிக்கை வந்தால் நீரைவிட்டு ஏறிவிட வேண்டும். கான்கிரீட் கால்வாயில், தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே மேற்புறத்து மழையால் வெள்ளம் வந்துவிடும். காலில் புண்ணோடு சேற்றில் இறங்கினால் எலிக் காய்ச்சலும், மண்ணிலும் நீரிலும் வாழும் கிருமியால் வரும் மெலியாய்டோசிஸும் தொற்றும். இரண்டுமே இங்கே இருக்கின்றன. பிறகு காய்ச்சல் கண்டால் ஓடையில் வேலை செய்ததை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நாளைத் திட்டமிடும்போது காட்டோடையை முதலில், நீர்த்தேக்கத்தைப் பின்னால் வைப்பதும் அவசியம். ஈர வலையில் ஒட்டிய நத்தையும் கிருமியும் காட்டுக்குள் போகாதிருக்க அதுவே வழி. வலையைக் கழுவி முழுதாக உலர்த்துவது அதற்கு மேல்.

மேற்பார்வையாளருக்கு எழுதும் மின்னஞ்சல் நீளமாக வேண்டியதில்லை. அவருடைய இரண்டு மூன்று கட்டுரைகளைப் படித்து, அதில் எந்தக் கேள்வி பதிலில்லாமல் நிற்கிறது என்று ஒரு வரி எழுதினால் போதும். நேர்காணலில் நீங்களும் கேளுங்கள்: அனுமதி யார் பெயரில் இருக்கிறது? களத்துக்கு என்னோடு வரும் இரண்டாவது ஆள் யார், அவருக்கு ஊதியம் உண்டா? வாகனம் யாருடையது? மரபணு வரிசைப்படுத்தும் செலவு நிதியில் இருக்கிறதா? முந்தைய மாணவர்களின் தரவில் பிடிபடாத நாள்கள் பதிவாகியிருக்கின்றனவா? மாதிரிகள் அரும்பொருளகத்தில் சேர்க்கப்பட்டனவா, இன்னும் ஆய்வக அலமாரியில் கிடக்கின்றனவா? கடைசி இரண்டுக்கும் வரும் பதிலைக் கவனமாகக் கேளுங்கள்.

பட்டம் முடிந்தால் வேலை உண்டா என்று பெற்றோர் கேட்பார்கள். தேசியப் பூங்காக் கழகம், பொதுப் பயனீட்டுக் கழகம், கட்டுமானத்துக்கு முன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்யும் ஆலோசனை நிறுவனங்கள் ஆகியவை இத்தகைய திறனைத் தேடுகின்றன. இடங்கள் நிறைய இல்லை; அதை மறைப்பதில் பயனில்லை. களப்பணியோடு தரவுப் பகுப்பாய்வும் கற்றவர்களுக்கே அவை கிடைக்கின்றன.

உங்கள் கல்விப் பக்கத்தில் பலதுறைத் தொழிற்கல்லூரி, தொடக்கக் கல்லூரி மாணவர்களுக்காக இத்துறையைப் பற்றியும் எழுத வேண்டுகிறோம். ஆகஸ்டு சேர்க்கைக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்கள் முந்தைய ஆண்டின் பிற்பகுதியிலேயே மேற்பார்வையாளரைத் தேடத் தொடங்க வேண்டும் என்பதால், அப்போதே அது வெளிவந்தால் பயன்படும்.

இப்படிக்கு,
நன்னீர் உயிரியல் துறையில் பணியாற்றும் இருவர்
சிங்கப்பூர்